தம்பிக்கு இந்த முறை என்ன சைஸ்?

தோர்ண்டன் ஹீத்
10.09.2006

அன்புள்ள டொலறஸ்,

ஒரே நகரத்தில், பஸ் ஏறினால் வந்து சேரக்கூடிய தூரத்தில் இருக்கிற மனைவிக்கு முத்திரை ஒட்டிக் கடிதம் போடுகிற முதல் தமிழன் நானாகத்தான் இருப்பேன். தபாற்கந்தோரில் அந்தப் பெண் ஃபெர்ஸ்ட் கிளாஸா, செக்கண்ட் கிளாஸா என்று கேட்டாள். கோபம் ஃபெர்ஸ்ட் கிளாஸ்தான், அதற்கேற்ற முத்திரையாகத் தாரும் என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. நீர் என்றால் சிரித்திருப்பீர்.

சுவர்ணாவிடம் சொல்லி அனுப்பினீராம், அப்பா ஃபோன் எடுக்கக்கூடாது, சொல்ல வேண்டியதை எழுதட்டும் என்று. பிள்ளை அதை இங்கிலிசில் சொன்னபோது கோர்ட்டில் தீர்ப்பு வாசித்த மாதிரி இருந்தது. சரி, எழுதுகிறேன்.

ஒரு பகிடிக்காகவா வீட்டை விட்டுப் போனீர்? உம்முடைய சமையலைப் பற்றிச் சொன்னேன். டிரைவிங் டெஸ்டில் திரும்பத் திரும்ப ஃபெயில் விட்டதைச் சொன்னேன். பூசை வைக்கிற ஃபாதரோடு நீர் இங்கிலிஸ் கதைத்ததை எத்தனை மண்டபத்தில் சொல்லியிருக்கிறேன்! எல்லாவற்றுக்கும் சிரித்த மனுசிக்கு இந்த ஒன்றில் மட்டும் என்ன வந்தது?

இங்கே தமிழ்க் கடையில் இன்னும் அதே வாக்குவாதம்தான். தென் லண்டனில் மேடையேறிச் சிரிக்கவைக்கிற இரண்டு பகிடிக்காரர், பெற்றோல் செட் எட்வேட்டும் கோழிக்கடைக் கிருஷ்ணராசாவும், இதில் ஆர் பெரியவர் என்று. உமக்கு அந்தக் கவலை இல்லை. உம்முடைய சிநேகிதி எமில்டா வீட்டு மேல் அறையில் எவ்வளவு காலம் இருக்கப் போகிறீர்? சுவர்ணாவின் பள்ளிக்கூடத்தையாவது யோசித்துப் பாரும்.

அன்புடன்
எட்வேட்


ஃபாரஸ்ட் கேட்
17.09.2006

சுவர்ணாவின் அப்பாவுக்கு,

ஏன் ஃபோன் வேண்டாம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஃபோனில் நீங்கள் பகிடி விடுவீர்கள், நான் சிரித்துவிடுவேன். சிரித்தவுடன் எல்லாம் சரி வந்துவிட்டது என்று வைத்துவிடுவீர்கள். கல்யாணம் கட்டின நாளிலிருந்து எங்கள் வீட்டில் சண்டை முடிகிற விதம் இதுதான். கடிதத்தில் உங்கள் குரல் இல்லை. அது எனக்குக் கொஞ்சம் உதவி.

என்ன வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் அந்தப் பகிடியைச் சொன்ன நிகழ்ச்சிக்கு நான் வரவில்லை, சுவர்ணாவுக்குக் காய்ச்சல். அடுத்த கிழமை முருங்கைக்காய் வாங்கக் கடைக்குப் போனேன். கல்லாவுக்கு மேலே இருக்கிற டிவியில் உங்கள் டிவிடி ஓடிக்கொண்டிருந்தது. நின்று பார்த்தேன். பெருமையாகத்தான் பார்த்தேன். அப்போது நீங்கள் சொன்னீர்கள்:

"என்ரை மனிசி ஒவ்வொரு கிறிஸ்மஸ் சேலுக்கும் ஒரு ஆம்பிளைக் காற்சட்டை வாங்குவா. எனக்கில்லை, அது என்ரை சைஸும் இல்லை. முப்பத்திரண்டு, முப்பத்திநாலு, முப்பத்தாறு எண்டு ஏறிக்கொண்டு போகுது. சரி, எங்கையோ ஒருத்தன் நல்லாச் சாப்பிடுறான் எண்டு நினைச்சன். கேட்டா, காணாமல்போன தம்பிக்காம்! உலகத்திலேயே சாப்பிடாமல் கொழுக்கிற ஒரே ஆள் என்ரை மச்சான்தான்."

பிறகு சீலைத் தலைப்பை இழுக்கிற மாதிரி இழுத்து, என் குரலில், இல்லாத காற்சட்டை ஒன்றை விரித்துப் பிடித்துக்கொண்டு, "இஞ்சருங்கோ, அவனுக்கு இடுப்புக் காணுமோ?" என்று கேட்டீர்கள். மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது.

நான் முருங்கைக்காயைக் கல்லாவில் வைத்தேன். அந்தப் பொடியன் என்னை அடையாளம் கண்டுவிட்டான். "அக்கா, தம்பிக்கு இந்த முறை என்ன சைஸ்?" என்றான். கெட்ட பொடியன் இல்லை. அன்பாகத்தான் கேட்டான். பின்னால் வரிசையில் நின்றவர்களும் அன்பாகச் சிரித்தார்கள்.

என் தம்பி கிளறன்ஸுக்கு அப்போது பதினேழு வயது. மண்ணெண்ணெய் வாங்கச் சைக்கிளில் போனவன். 1990இலிருந்து நான் அவனைத் தேடிக்கொண்டிருக்கிறேன். இது உங்களுக்குத் தெரியாத கதையா?

சுவர்ணா பள்ளிக்கூடத்துக்கு இரண்டு ரயில் மாறிப் போய் வருகிறாள். முறைப்பாடு சொல்லவில்லை.

டொலறஸ்


தோர்ண்டன் ஹீத்
25.09.2006

அன்புள்ள டொலறஸ்,

உம்முடைய கடிதத்தை வேலையில், பெற்றோல் செட்டுக் கல்லாவில் வைத்து வாசித்தேன். ஒருவன் காசு கட்ட வந்து கண்ணாடியைத் தட்டிக்கொண்டே நின்றிருக்கிறான். எனக்குக் கேட்கவில்லை.

நீர் ஒன்றை மறந்துவிட்டீர். லண்டனுக்கு வந்த பிறகு வந்த முதல் கிறிஸ்மஸ். குறொய்டனில் ஒரு கடையில் நீர் ஒரு காற்சட்டையை எடுத்துப் பார்த்துக்கொண்டு நின்று அழுதீர். அவன் எவ்வளவு வளர்ந்திருப்பான் என்று தெரியவில்லை என்றீர். எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல், "முப்பத்திரண்டாய் எடும். வயிறு வைச்சிருப்பான், அவன்ரை அப்பரைப் போல" என்றேன். நீர் சிரித்தீர். இந்த நாட்டுக்கு வந்து நீர் சிரித்த முதல் சிரிப்பு அதுதான். அன்றைக்குத்தான் எனக்கு ஒரு ஆளைச் சிரிக்கவைக்க ஏலும் என்று எனக்கே தெரிந்தது. மேடை, மைக் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

ஒவ்வொரு வருடமும் சைஸைச் சொல்வது நான். பையைத் தூக்கிக்கொண்டு வருவதும் நான். அந்த வயிறு நான் கொடுத்த வயிறு, டொலறஸ். அவனை நான் கேலி செய்தேன் என்று நீர் எப்படி நினைப்பீர்?

பிறகு ஏன் சொன்னீர்கள் என்று கேட்பீர். அன்றைக்கு எந்தப் பகிடிக்கும் சிரிப்பு விழவில்லை. சமையல் பகிடி போட்டேன், விழவில்லை. டிரைவிங் டெஸ்ட் போட்டேன், முன்வரிசையில் ஒரு டொக்டர் கொட்டாவி விட்டார். எனக்கு முதல் கிருஷ்ணராசா ஏறி இறங்கியிருந்தான், சனம் அவனுடைய கதையிலேயே நின்றது. மேடையில் சிரிப்பு வராமல் நிற்பது என்னவென்று உமக்குச் சொல்லி விளங்கப்படுத்த ஏலாது. உடம்பெல்லாம் வேர்த்து, வாய் தன்பாட்டில் ஓடும். கையில் மிச்சமிருந்தது அந்த ஒரு பகிடிதான். எடுத்து எறிந்துவிட்டேன். சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டபோது, கடவுளறிய, எனக்கு உயிர் வந்தது.

வீட்டில் சொன்னால் சிரிக்கலாம், மண்டபத்தில் சொன்னால் குற்றமா?

எட்வேட்


ஃபாரஸ்ட் கேட்
03.10.2006

சுவர்ணாவின் அப்பாவுக்கு,

மறக்கவில்லை. முப்பத்திரண்டாய் எடும் என்று நீங்கள் சொன்னதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். அன்றைக்கு நீங்கள் சொன்னது ஒரு ஆளுக்கு. அந்த ஆளுக்குக் கிளறன்ஸைத் தெரியும். மண்டபத்தில் இருந்தவர்களுக்கு அவனைத் தெரியாது, அவனுடைய இடுப்பு மட்டும்தான் தெரியும்.

எந்தப் பகிடியும் முதலில் எங்கள் குசினிக்குத்தான் வரும். நான் சிரித்தால் மேடைக்குப் போகும், சிரிக்காவிட்டால் குப்பைக்குப் போகும். எந்த இடத்தில் மூச்சு விடவேண்டும் என்றுகூட நான் சொல்லித் தந்திருக்கிறேன். இதை மட்டும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது, அதனால்தான் கேட்கவில்லை.

சனிக்கிழமை எமில்டா என்னை இங்கே ஒரு மண்டபத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். கிருஷ்ணராசா வந்திருந்தார். நீங்கள் சொல்லிச் சொல்லி அவரை எனக்குப் பிடிக்காது. ஆனாலும் கவனமாகப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த ஒரே தொழில் பகிடி பார்ப்பதுதானே.

நீங்கள் மைக்குக்கு வரமுதலே தொடங்கிவிடுவீர்கள். மேடை முழுக்க ஓடுவீர்கள், ஆறு பேரின் குரலில் கதைப்பீர்கள், சனத்துக்கு முதல் நீங்கள் சிரிப்பீர்கள். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பொலிசில் வாக்குமூலம் கொடுக்கிற ஆள் மாதிரி நிற்கிறார். ஒரு குரல்தான். அதுவும் அவருடைய குரல். நடுவில் நிறுத்தித் தண்ணீர் குடிக்கிறார். சிரிக்கிறவர்களைப் பார்த்து ஏன் சிரிக்கிறார்கள் என்று யோசிக்கிற மாதிரி ஒரு பார்வை.

ஜெர்மனியில் அகதியாக இருந்த காலத்தில் அவருக்கு அந்த மாவட்டத்தை விட்டு வெளியே போக அனுமதி இல்லையாம். பக்கத்து ஊரில் தம்பிக்குக் கல்யாணம். எல்லையில் ஒரு பலகை. இவர் இந்தப் பக்கம் கோட் சூட்டோடு நிற்க, பெண்ணும் மாப்பிள்ளையும் அந்தப் பக்கம் வந்து நிற்கிறார்கள். "படம் எடுக்கிறவர் சொல்லுறார், அண்ணை கொஞ்சம் கிட்ட வாங்கோ எண்டு. நான் சொன்னன், தம்பி, இதுக்கு மேலை கிட்ட வந்தா அடுத்த படம் பொலிஸ்காரன்தான் எடுப்பான்." சாப்பாட்டுப் பார்சலைப் பலகைக்கு மேலால் எறிந்தார்களாம். எல்லோரும் சிரித்தோம். பிறகு கொஞ்ச நேரம் ஒருவரும் ஒருவரைப் பார்க்கவில்லை.

இன்னொன்றையும் கவனித்தேன். உங்களுக்கு முன்வரிசை முதலில் சிரிக்கும், பின்னாலிருப்பவர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவருக்குக் கதவடியில் நிற்கிறவர்கள், சாப்பாடு பரிமாற வந்தவர்கள், அவர்கள்தான் முதலில் சிரிக்கிறார்கள். டொக்டர்மாருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுக்கிறது. நீங்களும் கோழிக்கடைக்காரனைப் போல உழைக்கிற மனுசன்தான். ஆனால் மேடையில் ஏறினால் முன்வரிசைக்கு வேலை செய்கிறீர்கள்.

நீங்கள் அவரைவிடக் கெட்டிக்காரர். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவர் தன்னைத்தான் கொண்டுவந்து வைக்கிறார். நீங்கள் என்னை வைத்தீர்கள், நான் பேசாமல் இருந்தேன். இப்போது அவனையும் வைத்துவிட்டீர்கள்.

டொலறஸ்


தோர்ண்டன் ஹீத்
08.10.2006

அன்புள்ள டொலறஸ்,

கிருஷ்ணராசாவைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர். என்னைப் பற்றி ஒரு காலத்தில் அரைப் பக்கம் எழுதியிருப்பீரோ தெரியாது.

அவனுக்கு மூன்று நிமிடத்துக்கு ஒரு சிரிப்பு. நான் அப்படி வேலை செய்தால் கதிரை பறந்து வரும். தண்ணீர் குடிக்கிறது ஒரு ஸ்டைல் இல்லை, அடுத்த வசனம் மறந்துபோனால் எல்லோரும் தண்ணீர்தான் குடிப்போம். அவனுக்குப் பெண்சாதியும் இல்லை, தன்னைப் பற்றிச் சொல்லாமல் வேறு ஆரைப் பற்றிச் சொல்வான்?

இதை எழுதி முடித்து எழும்பிப் போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். உண்மையைச் சொன்னால், அந்தப் பலகைக் கதை எனக்கு முழுக்கப் பாடம். ஒரு முறை மண்டபத்துக்கு வெளியே கார்ப் பார்க்கில் நின்று கேட்டேன், அவனுக்குத் தெரியாமல்.

என்னைப் பற்றிச் சொல்லிப் பார்ப்போம் என்று பெற்றோல் செட்டில் ஆளில்லாத நேரம் முயன்றேன். கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்துகொண்டு என்னைப் பற்றி என்ன சொல்வது? யோசிக்க யோசிக்க உம்முடைய குரல்தான் வாயில் வந்தது. என்னுடைய குரல் எப்படியிருக்கும் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. பகிடியாகச் சொல்லவில்லை.

இருபத்தோராம் திகதி பழைய மாணவர் சங்கத்து இரவு விருந்து. என்னைத்தான் போட்டிருக்கிறார்கள். அன்றைக்கு உம்மைப் பற்றி ஒரு சொல் சொல்லமாட்டேன். கிளறன்ஸின் கதையைத் தொடமாட்டேன். சத்தியம். அப்படிச் செய்தால் வீட்டுக்கு வருவீரா?

எட்வேட்


ஃபாரஸ்ட் கேட்
14.10.2006

சுவர்ணாவின் அப்பாவுக்கு,

சத்தியம் வேண்டாம். நீங்கள் மேடையில் பயந்தால் சத்தியம் எல்லாம் காற்றில் போய்விடும், எனக்குத் தெரியும்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். அன்றைக்கு ஒருவரும் சிரிக்காவிட்டாலும் பரவாயில்லை. அவனைத் தொடாமல் இறங்கி வந்துவிடுங்கள். வந்தால் இருபத்தொன்பதாம் திகதி ஞாயிற்றுக்கிழமை நானும் சுவர்ணாவும் பெட்டியோடு வருகிறோம். உங்களில் எனக்கு விருப்பமில்லாமல் நான் இங்கே இருக்கவில்லை. அந்த அறையில் எனக்கு நித்திரை வருவதில்லை.

உங்களுக்குச் சளி என்று சுவர்ணா சொன்னாள், மருந்து குடியுங்கள். மேல் தட்டில் வலப் பக்கம் இருக்கிறது.

டொலறஸ்


தோர்ண்டன் ஹீத்
24.10.2006

டொலறஸ்,

வேறு ஆரும் சொல்லமுதல் நானே எழுதுகிறேன்.

பெற்றோல் செட்டைப் பற்றித் தொடங்கினேன். என் குரலில், கையைக் கட்டிக்கொண்டு. ஆளுக்காள் பார்த்தார்கள். எனக்குச் சுகமில்லை என்று நினைத்திருப்பார்கள். இரண்டு மூன்று பேர் மரியாதைக்குச் சிரித்தார்கள். வேர்த்தது. ஆனாலும் நின்றேன். நீர் ஞாயிற்றுக்கிழமை பெட்டியோடு வாறதை நினைத்துக்கொண்டு நின்றேன். இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப் பிடித்திருந்தால் இறங்கியிருப்பேன்.

பின்னாலிருந்து ஒருவன் "அண்ணை, காற்சட்டை!" என்று கத்தினான். பிறகு இன்னொருவன். பிறகு மேசையில் தட்டத் தொடங்கினார்கள். "காற்சட்டை! காற்சட்டை!" பெண்களும் சேர்ந்து. சின்னப் பிள்ளைகளும்.

நான் கையைக் காட்டி நிறுத்தினேன். அது பகிடி இல்லை, உங்களுக்கு நான் பிழையாய்ச் சொல்லிப்போட்டன் என்றேன். சிரித்தார்கள். அவனுக்கு ஒரு பெயர் இருக்கு, கிளறன்ஸ் என்றேன். சிரித்தார்கள். எங்கட கலியாணத்தில எனக்கு மாலை எடுத்துத் தந்தவன், மண்ணெண்ணெய் வாங்கப் போய் வரேல்லை, என்ரை மனிசி இண்டைக்கும் அவனைத் தேடுறா என்றேன். ஒரு அக்கா கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று அவர்களுக்கு டிவிடியில் பாடமாகியிருந்தது, டொலறஸ். நான் எதைச் சொன்னாலும் அந்த இடத்துக்கு வந்து காத்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதேன். எழும்பி நின்று கைதட்டினார்கள்.

இறங்கினபோது சங்கத் தலைவர் தோளில் தட்டினார். "எட்வேட், இந்தப் புது ஸ்டைல் நல்லாயிருக்கு. அழுகிறதும் சிரிக்கிறதும். கிறிஸ்மஸ் விழாவுக்கும் இதையே வையும்" என்றார்.

கிருஷ்ணராசா கதவடியில் நின்றான். அவன் சிரிக்கவில்லை. என் ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு வந்து போட்டுவிட்டு, தன் வானில் ஏற்றி வீட்டில் கொண்டுவந்து விட்டான். வாசலில், "அண்ணை, ஒருக்கால் சிரிச்ச சனத்தை அழவைக்க ஏலாது. நானும் செய்து பாத்தனான்" என்றான். பலகைக்கு அந்தப் பக்கம் நின்ற அவனுடைய தம்பிக்குப் பிறகு என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை.

கிளறன்ஸைத் தொட வேண்டாம் என்று நீர் சொன்னீர். நான் தொட்டேன். திருப்பிக் கொண்டுவரலாம் என்றுதான் தொட்டேன். ஞாயிற்றுக்கிழமை வரமாட்டீர் என்று தெரியும். கேட்கவும் எனக்கு முகமில்லை.

எட்வேட்


ஃபாரஸ்ட் கேட்
28.10.2006

எட்வேட்டுக்கு,

இப்படிப் பெயர் சொல்லி நான் உங்களுக்கு எழுதியதில்லை. இன்றைக்கு மனைவியாக எழுதவில்லை. கிளறன்ஸைக் கண்ட ஆள், அவனைக் கண்ட இன்னொரு ஆளுக்கு எழுதுகிறேன்.

நீங்கள் அழுதது உண்மை என்று எனக்குத் தெரியும். ஒருவரும் சொல்லத் தேவையில்லை. கோபமும் இல்லை. கோபம் இருந்தால் எனக்கு இன்னும் இலகுவாயிருக்கும்.

நவம்பர் இரண்டாம் திகதி சகல ஆத்துமாக்களின் பூசை வருகிறது. ஒவ்வொரு வருடமும் செத்தவர்களின் பெயரை எழுதிப் பாதரிடம் கொடுப்போமே, நான் அப்பாவின் பெயரையும் அம்மாவின் பெயரையும் மட்டும்தான் கொடுப்பேன். போன வருடம் பாதர் கேட்டார், தம்பியின் பெயரையும் சேர்ப்போமா என்று. அந்தப் பாதரோடு மூன்று மாதம் நான் கதைக்கவில்லை. பெயர் கொடுத்தால் நானே அவனைக் கொன்ற மாதிரி. அதனால்தான் அந்தக் காற்சட்டைகள். உயிரோடிருக்கிற ஆளுக்குத்தானே உடுப்பு வாங்குவார்கள். இதை நான் உங்களுக்குச் சொன்னதில்லை, உங்களுக்கு விளங்கும் என்று நினைத்திருந்தேன்.

இப்போது இரவில் அவனை நினைக்கக் கண்ணை மூடினால் முதலில் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. அதற்குள்ளால் அவனுடைய முகத்துக்குப் போக முயல்கிறேன். போக ஏலவில்லை. பதினாறு வருடமாக எனக்குள் எங்கேயோ இருந்தவனுக்கு இப்போது இருக்க இடமில்லை. நேற்றுக் கோவிலுக்குப் போய் அவனுடைய பெயரைக் கொடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு நான் வரமாட்டேன். சுவர்ணா சனி ஞாயிறுகளில் வருவாள், அவளை மறிக்கமாட்டேன். என்னை இனிக் கேட்க வேண்டாம்.

ஆனால் வியாழக்கிழமை ஏழு மணிக்கு இங்கே பூசைக்கு வாருங்கள். பெயர்களை வாசிக்கும்போது அந்தந்தக் குடும்பம் எழும்பி நிற்க வேண்டும். எமில்டா அவனைக் கண்டதில்லை. சுவர்ணா அவன் போனபிறகு பிறந்தவள். இந்த லண்டனில் அவனைக் கண்ணால் கண்டவர்கள் நீங்களும் நானும்தான். கிளறன்ஸ் என்று பாதர் வாசிக்கும்போது தனியாக எழும்பி நிற்க என்னால் ஏலாது. எனக்குப் பக்கத்தில் நில்லுங்கள். ஒன்றும் கதைக்க வேண்டாம். பூசை முடிய நீங்கள் உங்கள் பஸ்ஸில் போங்கள்.

டொலறஸ்